சிவந்த தாரகையும் ரகுநாதாச்சாரியாரும்

கோவளம் என்றவுடன், சரித்திரம் பயின்றவர்க்கு ஆர்க்காட்டு நவாபின் துறைமுகமும், 1752-ஆம் ஆண்டில் கிளைவ் கைப்பற்றிய கோட்டையும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சென்னைப் பட்டணத்து விளக்கொளி பெரும்பாலும் வடதிசையோடு நின்றுவிடுவதால், தென்வானில் தாழ்ந்து செல்லும் தாரகைகளைத் தேடுவோர்க்கும் அவ்வூர்க் கடற்கரை அனுகூலமான இடமே. தை மாதத்து முன்னிரவில் அங்கு நின்று நோக்கினால், அகத்திய நட்சத்திரத்துக்குத் தென்மேற்கே, உச்சம் அடையும் பொழுதும் அடிவானத்துக்குச் சுமார் 14 பாகைக்கு மேல் எழாத ஒரு செந்நிறத் தாரகை உண்டு. பிரகாசம் மிகுந்திருக்கும் பருவத்திலும் அதைக் காணத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வேண்டும். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர்.

அதன் ஒளி மாறுவதை முதலில் கண்டறிந்தவர் சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிக் கூடத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நிறுவிய அக்கூடத்தில், 1861 முதல் தலைவராயிருந்த நார்மன் போக்சன் தாமே மாறொளித் தாரகைகளில் பெரும் ஈடுபாடு உடையவர். ஐந்து படி வேறுபட்டால் பிரகாசம் நூறு மடங்கு வேறுபடும் என்று இன்றும் உலகம் கையாளும் அளவையை வகுத்தவர் அவரே. பஞ்சாங்கம் கணிக்கும் பரம்பரையில் பிறந்த ஆச்சாரியார் அவருக்குக் கீழ் உழைத்து, 1867-ஆம் ஆண்டு ஜனவரியில் கண்ட இந்த உண்மை, அண்மைக் காலத்தில் இந்தியர் ஒருவர் செய்த முதல் வானசாஸ்திரக் கண்டுபிடிப்பாக மதிக்கப்படுகிறது. 1872-இல் லண்டன் ராயல் வானவியல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது.

இத்தகைய தாரகைகளுக்கு மூலபுருஷன் போல் விளங்குவது மீரா என்னும் தாரகை. 1596-இல் ஃபாப்ரிஷியஸ் என்னும் வானநூலார் அது மங்கி மறைந்ததைக் கண்டார். அதன் மாற்றம் ஏறக்குறைய பதினொரு மாதத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்பது 1638-இல் ஹோல்வார்டாவால் விளங்கிற்று. நமது சூரியனை ஒத்த நட்சத்திரங்கள் முதுமையில் பருத்துச் சிவந்து, மேலுறை விரிந்தும் சுருங்கியும் அலைவதனால் இம்மாற்றம் நிகழ்கிறது. உறை குளிரும் பொழுது அதில் உண்டாகும் டைட்டானியம் ஆக்ஸைடு என்னும் பொருள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விழுங்கிவிடுவதால், பிரகாசம் சில நூறு மடங்கு குன்றுவதும் உண்டு. ஆச்சாரியார் கண்ட தாரகைக்கு இச்சுற்று ஏறத்தாழ 280 நாள்.

இவ்வாறு கணித்த கால அளவும் நிலையானதன்று என்பதே இத்துறையின் விசேஷம். ஆர் ஹைட்ரே என்னும் தாரகை 1700-ஐ ஒட்டிய காலத்தில் சுமார் 495 நாளுக்கு ஒருமுறை உச்சப் பிரகாசம் பெற்றது. 1950-ஆம் ஆண்டளவில் அது 385 நாளாகக் குறைந்திருந்தது. சிறு கரடி மண்டலத்து டி தாரகையோ, முந்நூறு நாளுக்குச் சற்று மேற்பட்டிருந்த தன் சுற்றை 1970-களின் பிற்பகுதியிலிருந்து விரைவாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. தாரகையின் உட்புறத்து ஹீலியம் அடுக்கு பல்லாயிரம் ஆண்டுக்கொருமுறை திடீரென்று பற்றியெரிய, அதன் விளைவாக உருவம் சுருங்கி, அலைவின் காலமும் சுருங்குகிறது என்பது இதற்குப் பலரும் கூறும் காரணம். ஒரு மனித ஆயுளுக்குள் நட்சத்திரம் மூப்படைவதைக் காண இயலும் மிக அபூர்வமான நேர்வுகளில் இதுவும் ஒன்று.

ஆயினும் அதைக் காண ஒரு மனிதனுடைய கண் போதாது. முன்னவர் குறித்து வைத்த நாளும் பிரகாசமும் கையில் இருந்தால்தான் பின்னவர் வித்தியாசத்தை அறிய முடியும். இந்த நியாயத்தை ஆச்சாரியார் பிறிதோரிடத்திலும் வற்புறுத்தினார்: வழிவழியாக மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டு கணித்த பஞ்சாங்கம் வானத்தில் காணும் நிலையினின்று விலகிவிட்டமையால், பிரத்தியட்சமாகக் கண்டதை ஆதாரமாகக் கொண்ட திருக்கணிதமே வேண்டும் என்று அவர் வாதாடினார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்ததைப் பொதுமக்களுக்கு விளக்கவும் அவர் நூல் எழுதினார். 1880-இல் அவர் காலமானார். கணக்கை வானத்தின்மேல் சுமத்தாமல், வானத்தைக் கொண்டு கணக்கைத் திருத்தும் பழக்கம் அவருக்கு வாய்த்திருந்தது; தன் சுற்றைத் தானே மாற்றிக்கொள்ளும் தாரகையை ஆராய்வோர்க்கும் அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.