1200 கிலோமீட்டரும் ஒரு தட்டு சாப்பாடும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். பசியோடு படிக்காதீங்க.

திண்டிவனம் தாண்டி ஒரு ஹோட்டல். மதியம் ஒன்றரை மணி. விடியற்காலை ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பி 150 கிலோமீட்டர் மிதித்து வந்திருக்கிறேன். இன்னும் 150 திரும்பிப் போகணும்.

"சாம்பார் சாதம் இருக்குங்களா?"

"மீல்ஸ்தான் சார். பத்தே நிமிஷம், இலை போட்டுடறேன்."

அந்தப் பத்து நிமிஷம் ஐம்பத்தைந்து நிமிஷம் ஆச்சு. ரசம் வரைக்கும் விடாமல் சாப்பிட்டேன், அது வேற விஷயம். அப்புறம் வெயில், ரெண்டு பஞ்சர், மதுராந்தகம் பக்கம் முழங்கால் வலி. நள்ளிரவு தாண்டி 2.20க்கு முடிவிடம் வந்தேன். மேசையில் ஒரு தன்னார்வலத் தம்பி மட்டும் தூங்கி வழிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, ரெண்டு மணியோட முடிஞ்சு போச்சுண்ணே" என்றார். எனக்கு வருத்தமா, அவருக்கு வருத்தமா என்று தெரியாத அளவுக்கு முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

300 கிலோமீட்டர் 'பிரவே'க்கு 20 மணி நேரம் கெடு. சாப்பாடு, தூக்கம், பஞ்சர், ஒண்ணுக்குப் போறது எல்லாம் அதற்குள்தான். நீங்கள் சாப்பிட உட்கார்ந்தாலும் கடிகாரம் உட்காராது. 20 நிமிஷத்தில் போச்சு என் 300. அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி: சைக்கிள் ஓட்டுகிறவனின் சாப்பாட்டு நேரத்தையும் கணக்கில் வைத்த இந்த விதி எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் 1891 வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வருஷம் செப்டம்பரில் 'லெ பெத்தி ஜூர்னால்' என்ற பிரெஞ்சுப் பத்திரிகையின் ஆசிரியர் பியேர் ஜிஃபார் ஒரு போட்டி வைத்தார். பாரிஸிலிருந்து மேற்குக் கோடியில் இருக்கிற ப்ரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பணும். சுமார் 1200 கிலோமீட்டர். கிளம்பியவர்கள் 206 பேர். வழியில் சைக்கிளை மாற்றிவிடக் கூடாது என்று வண்டிக்கே முத்திரை வைத்தார்கள். ஊருக்கு ஊர் சாவடி போட்டு ஒவ்வொருத்தரின் கையேட்டிலும் முத்திரை குத்தினார்கள். கவனிங்க, அந்தச் சாவடி சோறு போட வைத்தது இல்லை. எவனும் ரயிலேறிவிடக் கூடாது என்று பார்க்க வைத்தது. சுங்கச்சாவடி மாதிரி. சாப்பாடு உங்கள் பாடு. வசதி இருந்தவர்களுக்கு மேனேஜர், உதவியாட்கள், முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுக்க ஆட்கள் என்று ஒரு பட்டாளமே இருந்தது. இல்லாதவர்களுக்கு வழியில் கிடைத்த ரொட்டி.

அந்த முதல் போட்டியே ஓய்வு எடுத்த இடத்தில்தான் முடிவானது. மிஷ்லின் டயரில் ஓட்டியவர் ஷார்ல் தெரோன். டன்லப் டயரில் ஓட்டியவர் ஜியேல் லவால். திரும்பி வரும்போது லவால்தான் முன்னால் இருந்தார். கேங்கான் என்ற ஊரில் கொஞ்சம் தூங்கலாம் என்று படுத்தார். விஷயம் தெரோன் ஆட்களின் காதுக்குப் போனது. இருட்டில் சத்தமில்லாமல் ஊரைத் தாண்டிப் போய்விட்டார் தெரோன். 71 மணி 22 நிமிஷத்தில் பாரிஸ். லவால் வந்து சேர்ந்தது பல மணி நேரம் கழித்து. (என் மீல்ஸ் ஞாபகம் வந்தது. நானாவது சாப்பிட்டேன், அவர் தூங்கினார்.)

1901-ல் அடுத்த போட்டி. மோரீஸ் காரேன் 52 மணி 11 நிமிஷத்தில் ஜெயித்தார். இரண்டு வருஷம் கழித்து முதல் டூர் த பிரான்ஸை ஜெயித்த அதே ஆள்தான். நமக்கு முக்கியம் அவர் இல்லை. அந்தத் தடவைதான் 'சுற்றுலாச் சாலைக்காரர்கள்' என்ற பெயரில் சாதாரண ஆட்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். சம்பளம் இல்லை, பட்டாளம் இல்லை. நம்மை மாதிரி ஆட்கள் இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான்.

இதற்கிடையில் இத்தாலியில் இன்னொரு வேலை நடந்தது. 1897 ஜூனில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரை சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில் ஓட்டி முடித்தார்கள். துணிச்சல்காரர்கள் என்ற அர்த்தத்தில் 'ஆடாக்ஸ்' என்று லத்தீனில் பெயர் வைத்துக்கொண்டார்கள். டூர் த பிரான்ஸை ஆரம்பித்த ஹென்றி தெக்ராஞ்ச் 1904-ல் அதை பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார். அதே வருஷம் 'ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன்' பிறந்தது.

தெக்ராஞ்சின் ஆடாக்ஸ் முறை ஒரு கல்யாண கோஷ்டி மாதிரி. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பணும், சேர்ந்தே போகணும். முன்னால் ஒரு தலைவர். அவரை யாரும் முந்தக் கூடாது. பிற்காலத்தில் இந்த வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்றே நிலைத்துவிட்டது. நூறு பேர் எத்தனை மணிக்கு எந்த ஊரில் இறங்குவார்கள் என்று முன்கூட்டியே தெரியும். ஓட்டல்காரரிடம் சொல்லி வைத்தால் இலை போட்டுத் தயாராக வைத்திருப்பார். சமையல்காரனுக்கு இதைவிடச் சொர்க்கம் இல்லை. காலில் வேகம் இருக்கிறவனுக்குத்தான் நரகம்.

1921-ல் தெக்ராஞ்சுக்கும் அந்த க்ளப்புக்கும் சண்டை வந்தது. ஆடாக்ஸ் நடத்தும் உரிமையை அவர் பிடுங்கி இன்னொரு குழுவிடம் கொடுத்துவிட்டார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு க்ளப் வெளியே வந்தது. சும்மா இருக்கவில்லை. அவரவர் வேகத்தில் போகலாம், கெடுவுக்குள் வந்தால் போதும் என்று 'ரான்தொனர் பிரவே' என்ற புது முறையை ஆரம்பித்தது. இன்று சென்னையிலும் கோவையிலும் நடக்கிற பிரவேக்கள் அந்த வம்சம்தான். 200-க்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40, 1200-க்கு 90.

இதில் சமையல்கட்டு என்ன ஆனது பாருங்கள். பந்தியே போச்சு. ஆள் எப்போது வருவான் என்று தெரியாது. ஒருத்தன் மதியம் வருவான், இன்னொருத்தன் நடுராத்திரி வருவான். அடுப்பை அணைக்கவே முடியாது. சுதந்திரம் ஓட்டுகிறவனுக்கு, தூக்கம் கெட்டது சாவடியில் நிற்கிறவனுக்கு. சைக்கிள் சரித்திரம் எழுதுகிற யாரும் இந்த ஆளைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை என்பது என் குறை.

1931-ல் தொழில்முறைப் போட்டியோடு சேர்த்து, க்ளப்காரர்கள் தங்கள் ரான்தொனர் ஓட்டத்தையும் பாரிஸ்–ப்ரெஸ்ட் பாதையில் நடத்தினார்கள். அந்த வருஷப் போட்டியை ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் ஹ்யூபர்ட் ஆப்பர்மேன். 1951-ல் மோரீஸ் தியோ 38 மணி 55 நிமிஷத்தில் ஜெயித்ததோடு தொழில்முறைப் பந்தயம் முடிந்தது. அடுத்த தடவை வர ஆளில்லை. பணம் வாங்கி ஓட்டியவர்கள் விட்டுவிட்டுப் போன பாதையைக் கைக்காசு போட்டு ஓட்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. 2019-ல் ஆறாயிரத்துக்கு மேல் ஆட்கள். இந்தியாவிலிருந்தே நூற்றுக்கணக்கில் போனார்கள்.

ஆறாயிரம் பேருக்கு எப்படிச் சோறு போடுவது? முன்னூறு பேர் அளவுக்குக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கால் மணி நேர இடைவெளியில் அனுப்புகிறார்கள். ட்ராஃபிக்குக்காக மட்டும் இல்லை, முதல் சாவடியின் சாப்பாட்டு வரிசைக்காகவும்தான் என்று நினைக்கிறேன். வழி முழுக்கச் சின்னச் சின்ன ஊர்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு, அதன் கான்டீனையே சாப்பாட்டுக் கூடமாக்குகிறார்கள். பாஸ்தா, மசித்த உருளைக்கிழங்கு, சூப், ஆம்லெட், பாலில் வேகவைத்த இனிப்புச் சாதம். தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து போய்க் கடைசியில் காசு கொடுக்கணும். நுழைவுக் கட்டணத்தில் சாப்பாடு சேர்த்தி இல்லை. சைவக்காரர்கள் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் நாலு நாள் பாஸ்தாவைப் பார்த்த பிறகு ஊறுகாய்க்கு நாக்கு எப்படி ஏங்கும் என்பதை நானே ஊகித்துக்கொள்கிறேன்.

லுதேயாக் என்று ஒரு ஊர். போகும்போது சுமார் 440-வது கிலோமீட்டர், வரும்போது சுமார் 780. மெதுவாகப் போகிறவர்கள் ப்ரெஸ்டை நோக்கி அங்கே வந்து சேர்கிற நேரத்தில், வேகமான ஆட்கள் ப்ரெஸ்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். ஒரே கான்டீனில் ரெண்டு திசைப் பசி. படுக்கையும் அங்கேதான் பலருக்கு. சில யூரோ கொடுத்து, எத்தனை மணிக்கு எழுப்பணும் என்று சொல்லிவிட்டுப் படுத்தால், தன்னார்வலர் ஒருத்தர் இருட்டில் டார்ச்சோடு வந்து காலைத் தட்டி எழுப்புவார்.

இப்போது என் மீல்ஸ் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பதினைந்து இடத்தில் அரை மணி நேரம் நின்றால் ஏழரை மணி நேரம் காலி. ஒரு ராத்திரித் தூக்கம் அது. சாப்பிடாமலும் போக முடியாது. உடம்பு மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருப்பது சுமார் 2,000 கலோரி. மணிக்கு 400, 500 என்று எரித்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்? தீர்ந்ததும் கண் இருட்டும், கை நடுங்கும், ரோட்டோரம் உட்கார்ந்து காரணமில்லாமல் அழத் தோன்றும். பிரெஞ்சில் இதற்கு 'ஃப்ரங்கால்' என்று தனி வார்த்தையே இருக்கிறது. செய்ந்த் எத்தியேன் ஊர்க்காரர் போல் த விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் 1930-ல் இறக்கும் வரை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: குறைவாக நில், பசிக்கும் முன் சாப்பிடு, தாகமெடுக்கும் முன் குடி. மனுஷர் சைவம் வேறு. ஹோட்டலுக்கு முன்னால் இவரைப் படித்திருக்கலாம்.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். 1989-ல் ஆரம்பித்த லண்டன்–எடின்பரோ–லண்டன் ஓட்டத்தில் முன்கூட்டியே கட்டிய பணத்திலேயே சாப்பாடும் படுக்கையும் அடக்கம். பர்ஸைத் துழாவ வேண்டாம், சில்லறைக்கு நிற்க வேண்டாம். எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் பிரெஞ்சு முறையில் ஊர்க்காரன் கல்லாவில் நாலு காசு விழுகிறது. நான்கு வருஷம் கழித்து அவன் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட அதுவும் ஒரு காரணம்தானே? 2025 ஆகஸ்டில் ஃப்ளோரிஸ் புயல் வந்து லண்டன் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். வடக்கே இருந்தவர்களை எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே இருங்கள் என்றார்கள். ஆளைச் சந்தேகப்பட்டு 1891-ல் போட்ட சாவடிதான் ஆளைக் காப்பாற்றி வைத்திருந்தது.

நம் ஊர் பிரவேயில் சாவடி என்பது பெரும்பாலும் டீக்கடை பில் அல்லது ஏடிஎம் சீட்டு. நடத்துகிறவர்கள் நாலு பேர், கட்டணம் சொற்பம். அவர்களிடம் கான்டீன் கேட்பது அநியாயம். ஆனால் வழியில் எந்தக் கடையில் பத்து நிமிஷத்துக்குள் இட்லி கிடைக்கும், எது ராத்திரி பத்துக்கு மேலும் திறந்திருக்கும் என்று பாதைக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டேன். "நீங்களே எழுதிக் கொடுங்க" என்றார்கள். வசமாக மாட்டிக்கொண்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிஎஸ்டி ரோட்டில் டீ குடித்துக்கொண்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வில்லேன் லா ஜுயெல் என்று சுமார் மூவாயிரம் பேர் இருக்கிற ஊர். ஓட்டம் வரும்போது ஊரே திருவிழா. நடக்கக் கால் வராத சைக்கிள்காரனின் தட்டைப் பள்ளிக்கூடப் பசங்க வாங்கிக்கொண்டு மேசைவரை கொண்டுபோய் வைப்பார்கள். அதைத் தாண்டி லா தானியேர் என்ற கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில், சாவடியே இல்லாத இடத்தில், வருஷக்கணக்காக ஒரு குடும்பம் காப்பியும் க்ரேப்பும் (நம்ம கோதுமை தோசைக்குச் சித்தப்பா பையன்) கொடுத்து வந்தது. காசு வாங்க மாட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு தபால் அட்டை போடணும், அவ்வளவுதான் விலை.

பி.கு: பேக்கரியில் சைக்கிள் சக்கரம் மாதிரி வட்டமாக, நடுவில் க்ரீம் வைத்து 'பாரிஸ்–ப்ரெஸ்ட்' என்று ஒரு பலகாரம் பார்த்திருப்பீர்கள். அது இந்த ஓட்டத்தின் பெயர்தான். 1910-ல் மேசோன் லாஃபித் ஊரின் லூயி துரான் செய்தது, செய்யச் சொன்னவர் நம்ம ஜிஃபார் என்று சொல்வார்கள். மறுபடி 300 ஓட்டினேன். ஹேண்டில்பார் பையில் தயிர் சாதம், மதுராந்தகம் ஏரிக்கரையில் பன்னிரண்டு நிமிஷம். 19 மணி 10 நிமிஷத்தில் முடிந்தது. மேசையில் அதே தம்பி. இந்தத் தடவை வாழைப்பழம் நான் கொண்டுபோயிருந்தேன்.