மணிப்பூரில் ஊசிவழிப் போதையும் எச்.ஐ.வி. பரவலும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் முயற்சியால், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதனால் தொடக்க ஆண்டுகளில் உடலுறவு வழிப் பரவலே அரசின் கவனத்தில் முதன்மையாக இருந்தது. ஊசியின் வழியே அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் தொற்று பாயக்கூடும் என்பதை நாட்டுக்குக் காட்டியது மணிப்பூர்.

மியான்மரோடு நீண்ட எல்லையைக் கொண்டது அம்மாநிலம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய ஊராகத் தமிழ் வாசகர் அறிந்த மோரே, அந்த எல்லையின் வணிக வாசல். 1980-களின் முதற்பாதியில் அபின் விளையும் தங்க முக்கோணப் பகுதியிலிருந்து வந்த வெள்ளை ஹெராயின் இவ்வழியே உள்ளே நுழைந்தது. உள்ளூரில் அதற்கு 'நம்பர் ஃபோர்' என்று பெயர். டெல்லி, மும்பை, சென்னை நகரங்களில் புழங்கிய பிரவுன் சுகர் என்ற ஹெராயின் வகை தண்ணீரில் எளிதில் கரையாது. அதைத் தாளில் சூடாக்கிப் புகையாக இழுப்பதே வழக்கம். நம்பர் ஃபோரோ தண்ணீரில் உடனே கரையும். ஒரே போதைப்பொருள் ஓரிடத்தில் புகையாகவும் இன்னோரிடத்தில் ஊசியாகவும் வழங்கியதற்கு, பழகியவர்களின் குணத்தைவிட இந்த வேதியியல் வேறுபாடே பெரிய காரணம்.

சரக்கு தாராளமாகக் கிடைத்தது, ஊசி கிடைக்கவில்லை. மருந்துக் கடைகள் இளைஞர்களுக்கு சிரிஞ்சு விற்கத் தயங்கின. கையில் சிரிஞ்சோடு பிடிபட்டால் அதுவே போதைப் பழக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. எனவே பேனாவுக்கு மை நிரப்பும் ஃபில்லரின் நுனியில் ஊசியைப் பொருத்திப் பயன்படுத்தும் முறை பரவியது. அதன் ரப்பர் குமிழை அழுத்தி விடுவிக்கும்போது ரத்தம் உள்ளே ஏறும். கண்ணாடிக் குழாயின் அடியிலும் ரப்பரின் மடிப்பிலும் அது தங்கிவிடும். தண்ணீரில் அலசினாலும் முழுதாகப் போகாது. ஒரே ஃபில்லர் நண்பர் குழு முழுவதும் கைமாறியது. எச்.ஐ.வி.க்கு இதைவிடத் தோதான கருவி அமைவது கடினம்.

விளைவு சில மாதங்களிலேயே வெளிப்பட்டது. 1989 செப்டம்பர் வரை சோதிக்கப்பட்டவர்களில் எவருக்கும் தொற்று இல்லை. அடுத்த ஆறு மாதங்களில் ஊசி போடுபவர்களிடம் அது ஏறத்தாழ 50 விழுக்காட்டை எட்டியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. அங்கும் சிரிஞ்சு விற்பனையைக் காவல்துறை நெருக்கியது. 1986-இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்ட ஹெராயின் பழக்கமுடையோரில் பாதிப்பேருக்குத் தொற்று இருந்தது. ஊசியை மறைத்தால் பழக்கம் மறையும் என்ற கணக்கு இரண்டு இடங்களிலும் பொய்த்தது.

மணிப்பூரில் அச்சத்துக்குப் பல முகங்கள் இருந்தன. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உட்கொள்வதையே குற்றமாக்கியிருந்தது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்கீழ் நடந்த சோதனைகள் ஒருபுறம்; போதைக்கு எதிராகத் தண்டனை அறிவித்து, பழக்கமுடையோரைச் சுட்டுக் காயப்படுத்திய ஆயுதக் குழுக்கள் மறுபுறம். பிள்ளையைத் திருத்த வேறு வழி தெரியாத பெற்றோர் சிலர் தாமே காவல்துறையிடம் ஒப்படைத்தனர். இந்த நிலையில் மறைவிடத்தில் அவசரமாக ஊசி போட்டுக்கொள்பவர் அதைச் சுத்தம் செய்துகொண்டிருக்க மாட்டார், மருத்துவமனைக்கும் போகமாட்டார்.

வடகிழக்கில் ஹெராயின் கிடைக்காதபோதும் விலை ஏறியபோதும் அந்த இடத்தை டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிஃபின் கலந்த வலிநிவாரணி மாத்திரைகள் பிடித்தன. வாய்வழி உட்கொள்ளத் தயாரித்த அவற்றின் தூள் ரத்தக் குழாயில் கரையாமல் அடைத்துக்கொண்டது. சீழ்க்கட்டிகளும் ஆறாப் புண்களும் தோன்றின. கை, கால் இழந்தவர்களும் உண்டு. சென்னையிலும் 1990-களில் பிரவுன் சுகர் புகைத்தவர்கள் பலர் புப்ரினார்ஃபின் என்ற வலிநிவாரணி ஊசிக்கு மாறினர். அதனோடு ஒவ்வாமை மருந்தையும் தூக்க மருந்தையும் சேர்த்துப் போடுவது வழக்கமானது. எந்த மருந்து அந்நாளில் மலிவாகக் கிடைத்ததோ அதுவே பழக்கத்தின் போக்கை வகுத்தது.

தொற்று ஊசியோடு நிற்கவில்லை. 2000-இல் வெளியான மணிப்பூர் ஆய்வொன்று, தொற்றுள்ள ஆண்களின் மனைவியரில் 45 விழுக்காட்டினருக்கும் எச்.ஐ.வி. இருந்ததாகக் கண்டது. அவர்களில் மிகப்பலர் ஊசியைத் தொட்டதே இல்லை. கணவன் இறந்தபின் புகுந்த வீட்டில் இடமின்றி, வருமானமுமின்றி நின்ற இளம் விதவைகள் இந்தக் கொள்ளைநோயின் அதிகம் பேசப்படாத பக்கம். தாமே ஊசி போட்ட பெண்களின் நிலை இன்னும் கடினம். ஆணுக்குக் கிடைத்த குடும்ப மன்னிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்களை எண்ணியே அமைக்கப்பட்ட மையங்களுக்குள் நுழையவும் அவர்கள் தயங்கினர்.

கொள்கை மாற்றம் கீழிருந்து வந்தது. பழக்கத்திலிருந்து மீண்டவர்களே தெருத்தெருவாகச் சென்று புதிய ஊசி கொடுத்து, பயன்படுத்தியதைத் திரும்பப் பெற்றார்கள். 1996-இல் மணிப்பூர் தன் எய்ட்ஸ் கொள்கையில் தீங்கு குறைப்பு அணுகுமுறையை ஏற்றது. முற்றிலும் நிறுத்தும்வரை உதவியில்லை என்ற நிலைப்பாடு அத்தோடு தளர்ந்தது. பின்னர் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் ஊசி மாற்றுத் திட்டத்தையும், நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை, மெத்தடோன் ஆகியவற்றைக் கொண்ட மாற்றுச் சிகிச்சையையும் நாடெங்கும் விரித்தது. சென்னையில் ஊசிப் போதையாக இருந்த மருந்தே, மேற்பார்வையில் தரப்படும் மாத்திரையாகச் சிகிச்சைக்குள் வந்தது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் இத்தகைய பணிகளில் ஈடுபடுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் உட்கொள்வோரைத் தண்டிக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் நீடிக்கிறது.

மணிப்பூரில் தொற்று விகிதம் பெரிதும் இறங்கியிருக்கிறது. எனினும் 2017-இன் தேசியக் கண்காணிப்பில் ஊசி போடுபவர்களிடையே நாட்டின் சராசரி 6.26 விழுக்காடு என்றால், அண்டை மாநிலமான மிசோரத்தில் அது ஏறக்குறைய 20 விழுக்காடு. 2019-இல் வெளியான அரசு மதிப்பீட்டின்படி நாட்டில் ஊசிவழிப் போதை எடுப்போர் சுமார் 8.5 லட்சம் பேர். அதே ஊசி வழியே பரவும் ஹெபடைடிஸ் சி இன்னும் பரவலானது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதற்கு இலவச மாத்திரைகள் கிடைக்கின்றன. பெரும்பாலோருக்கு 12 வாரங்களில் நோய் நீங்கிவிடும். ஆனால் ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லாததால், புதிய சிரிஞ்சு கிடைக்காத இடங்களில் குணமானவரையும் அது மீண்டும் பற்றுகிறது.