முகமும் கோலமும்

சுசீந்திரத்தில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், மறைந்த தம் பாட்டனாரின் உருவப் படத்தை அண்மையில் நம்மிடம் காட்டினார். முகத்தோடு முகமாகப் பூங்கொடிக் கோலம் ஒன்று இழைந்து கிடந்தது. கணிப்பொறியில் தாமே செய்ததாகச் சொன்னார். வேலைப்பாடு அழகுதான். ஆனால், அப்பெரியவரை நேரில் அறிந்த நம் கண்கள் அவர் நெற்றியில் இருந்த தொழுகைத் தழும்பைத் தேடின. கரிய கொடியொன்று அதன்மீது படர்ந்திருந்தது.

"கோலமில்லாத படம் எங்கே?" என வினவினோம்.

"அதன்மேலேயே சேமித்துவிட்டேன், உஸ்தாத். காகிதப் படமும் செல்லரித்துப் போயிற்று" என்றார்.

அந்த விடையே இக்கட்டுரைக்குக் காரணம்.

உருவத்தின்மீது கோலம் படியச் செய்யும் ஆசை புதிதன்று. நாஞ்சில் நாடு அடங்கியிருந்த திருவிதாங்கூரில், கிளிமானூரில் 1848இல் பிறந்தவர் ஓவியர் ராஜா ரவிவர்மா. அவர் 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். நிறத்திற்கு ஒரு கல்லாக வரைந்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது அம்முறை. அப்படங்களை வாங்கியோரில் சிலர், ஓவியத்தின் ஆடைப் பகுதியில் துணியும் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அழகு செய்தனர். செட்டிநாட்டு வீடுகளில் இத்தகைய படங்கள் இருந்தன. ஒட்டியதைப் பிரித்தால் தாள் கிழியும். ஆயினும் அச்சுப் படத்திற்குப் பிரதிகள் பல உண்டு. நம் மாணவரின் பாட்டனாருக்கு இருந்ததோ ஒரே படம்.

இன்று இப்பணிக்குப் பெரிதும் பயன்படும் ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருளை, தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் 1987இல் உருவாக்கத் தொடங்கினர். 1990இல் அடோபி நிறுவனம் அதை வெளியிட்டது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் 'லேயர்' எனும் அடுக்கு முறை சேர்ந்தது. முகம் ஓர் அடுக்கு. கோலம் அதன்மேல் வேறோர் அடுக்கு. இரண்டையும் இழைப்பது வெறும் கணக்கே. 'மல்டிபிளை' என்னும் முறையில் கருமை 0, வெண்மை 1. முகத்தின் ஒரு புள்ளி 0.8 ஆகவும், அதன்மேல் விழும் கோலப்புள்ளி 0.5 ஆகவும் இருப்பின், பெருக்கி வருவது 0.4. கோலத்தின் வெண்மை முகத்தை அப்படியே விடுகிறது. கருமையோ முற்றும் மறைத்துவிடுகிறது. தழும்பு மறைந்த வகை இதுவே. இத்தகைய கணக்கு வழிமுறைக்கு வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததாகும்.

அதே பக்தாதில், அதே நூற்றாண்டில், ஹிஜ்ரி 230இல் (கி.பி. 845) மறைந்தவர் வரலாற்றாசிரியர் இப்னு சஅத். அவருடைய பெருநூலின் பெயர் 'தபகாத்'. 'தபகா' என்றால் அடுக்கு. தலைமுறை என்றும் பொருள்படும். நபித்தோழர்களை ஓர் அடுக்கிலும் அவர்களுக்குப் பின்வந்தோரை அடுத்தடுத்த அடுக்குகளிலும் வைத்து அவர் எழுதினார். பின்னவர் வரலாறு முன்னவர் வரலாற்றில் கலந்து அதை மறைத்துவிடாதிருக்க இந்த ஒழுங்கு துணை நின்றது. மூத்தோர் படத்தைக் கையாள்வோருக்கும் அதுவே நெறி எனக் கொள்கிறோம்.

ஆகவே, மூலப் படத்தைத் தொடாமல் தனியே வைத்து, பிரதியின்மீதே கோலம் இழைக்க வேண்டும். அடுக்குகள் பிரிந்தே நிற்கும் கோப்பையும் காக்க வேண்டும். ஜேபெக் வடிவில் மட்டும் சேமித்தால் அடுக்குகள் ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க இயலாது. 'மாஸ்க்' என்னும் வசதியால் முகத்தின்மீது மட்டும் கோலம் படியாமல் தடுக்கவும் கூடும்.

நம் மாணவர் இப்போது திட்டுவிளையிலும் தேங்காப்பட்டணத்திலும் உள்ள உறவினர் வீடுகளில் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்டு வருகிறார். பாட்டனாரின் படம் ஒன்று எவர் வீட்டிலேனும் கோலமின்றி எஞ்சியிருக்கக் கூடும்.