கைத்துப்பாக்கியின் ஒரு நடை

காவல் அதிகாரியின் இடுப்பில், தோலுறைக்குள் ஒரு கைத்துப்பாக்கி இருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அது ஆண்டு முழுவதும் ஒரு முறையும் சுடப்படாமல் இருக்கலாம். ஆயினும் என்றோ ஒரு நாள், ஒரு நொடிப் பொழுதில், அது பிழையின்றி இயங்கியாக வேண்டும். கடிகாரம் நின்றால் வேளை தவறும், அவ்வளவே. இப்பொறி நின்றாலோ, காப்பவரும் காக்கப்படுபவரும் உயிரிழக்க நேரலாம். இச்சிறு பொறி நம்பத் தக்கதாக ஆனது எவ்வாறு, அந்த நம்பிக்கை கெடுவது எதனால் என்பதைச் சரித்திர வாயிலாகச் சிறிது ஆராய்வோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பொருளில் முதலில் இடறியது ஒரு சொல்லேயாகும். தானாகக் குண்டு நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கியின் இயக்கத்தை ஆங்கிலத்தில் 'சைக்கிள்' என்பர். 'சுழற்சி' என்று எழுதிப் பார்த்தோம். ஆனால் ரிவால்வரின் உருளை சுழல்வதுபோல இதில் எதுவும் சுழல்வதில்லை. பிறகு நம் வீட்டுச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. குடத்துடன் சென்று நீர் மொண்டு திரும்புவதை 'ஒரு நடை' என்கிறோம் அன்றோ? துப்பாக்கியின் மேற்பகுதி பின்னே சென்று, திரும்பும்போது ஒரு தோட்டாவைக் கொண்டு வருகிறது. ஆதலின் இங்கு அதனை 'நடை' என்றே வழங்குவோம்.

அந்நடை இவ்வாறு நிகழ்கிறது. தோட்டா வெடித்ததும் குண்டு குழல் வழியே முன்னே பாய்கிறது. அதே வெடிவிசை 'ஸ்லைடு' எனப்படும் மேற்கூட்டைப் பின்னே தள்ளுகிறது. ஸ்லைடிலுள்ள கொக்கி, வெற்றுத் தோட்டாக்கூட்டைப் பற்றி இழுத்து வருகிறது. ஒரு முளை அக்கூட்டின் மேல் மோதி, அதனைப் பக்கவாட்டில் வெளியே எறிகிறது. அடுத்த வெடிக்குரிய அடிப்பான் விசையேறி நிற்கிறது. பின்னர், அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்ந்து ஸ்லைடை முன்னே செலுத்துகிறது. அது வரும் வழியில், பிடிக்குள் இருக்கும் 'மாகசின்' என்னும் தோட்டாப் பெட்டியின் மேல் தோட்டாவைத் தள்ளிக் குழலின் அறையில் சேர்க்கிறது. இவையனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடும். இவற்றுள் ஒன்று தவறினும் பொறி நின்றுபோகும்.

வெடியின் உதைப்பை அதுகாறும் எல்லோரும் தோளுக்கு வந்த துன்பமாகவே கருதினர். அமெரிக்காவில் பிறந்து இலண்டனில் தொழில் செய்த ஹைரம் மாக்சிம் அவ்வுதைப்பையே வேலைக்கு அமர்த்தினார். 1884-ஆம் ஆண்டில் அவர் செய்து காட்டிய இயந்திரத் துப்பாக்கி, தன் உதைப்பினாலேயே தனக்குத் தோட்டா ஊட்டிக்கொண்டது. இதே தத்துவத்தைக் கைக்கு அடங்கும் கருவியில் பொருத்தச் செருமானியர் முனைந்தனர். 1893-இல் ஹியூகோ போர்ச்சார்ட்டின் கைத்துப்பாக்கி தோன்றியது. கழற்றத் தக்க மாகசினைப் பிடிக்குள் வைக்கும் வழக்கத்தை அது நிலைநாட்டிற்று. 1896-இல் மௌசர் கைத்துப்பாக்கி வெளிவந்தது. இவ்விரண்டும் பெரியவை; சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தக்கவை அல்ல.

சிறு கைத்துப்பாக்கியின் தந்தை எனத் தகுபவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அவர் 1855-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் பிறந்தவர். தந்தையும் துப்பாக்கித் தொழிலாளரே. பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எர்ஸ்தால் தொழிற்சாலை அவருடைய அமைப்பை ஏற்று, 1900-ஆம் ஆண்டு மாதிரியை வெளியிட்டது. அதில் குழலைப் பூட்டும் சிக்கலான உறுப்பு எதுவும் இல்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் வலிமையுமே, குண்டு வெளியேறும் வரை அறையை மூடி வைத்தன. அதற்கென்றே அவர் வகுத்த 7.65 மில்லிமீட்டர் தோட்டா இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது; நம் நாட்டில் உரிமம் பெற்றோர் '.32' என்று கேட்டு வாங்கும் கைத்துப்பாக்கித் தோட்டா அதுவே. பின்னர் உள்ளங்கையளவான 6.35 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியும், ஸ்பிரிங்கைக் குழலைச் சுற்றியே அமைத்த 1910-ஆம் ஆண்டு மாதிரியும் அவர் கற்பனையில் உருவாயின.

ஆனால் உருவம் சிறுக்கச் சிறுக்கத் தொல்லை பெருகிற்று. சிறு துப்பாக்கியில் ஸ்லைடு ஓடும் தொலைவு குறைவு. எடையும் குறைவாதலின் அது விரைந்து ஓடும். அது பின்னே சென்று திரும்புவதற்குள் மாகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உரிய இடத்திற்கு உயர்த்திவிட வேண்டும். பெரிய துப்பாக்கி பொறுத்துக்கொள்ளும் அழுக்கையும் தளர்ச்சியையும் சிறியது பொறுப்பதில்லை. மேலும் அது பையிலும் இடுப்பிலும் உடலை ஒட்டியே கிடப்பதால், வியர்வையும் துணிநூல் துகளும் அதனுள் புகுகின்றன.

ஒரு பொறியை நம்புவது எவ்வாறு என்ற வினாவிற்கு விடை தேடிய சோதனைகளுள் புகழ்பெற்றது, அமெரிக்கப் படைத்துறை 1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடத்தியது. பிரௌனிங் அமைத்த கோல்ட் கைத்துப்பாக்கியும், சாவேஜ் நிறுவனத்தின் கைத்துப்பாக்கியும் போட்டியிட்டன. இவை சிறியவை அல்ல; .45 அளவினவான போர்க்கருவிகள். எனினும் சோதித்த முறை எல்லாவற்றிற்கும் பொருந்தும். ஒவ்வொன்றிலும் 6,000 குண்டுகள் சுடப்பட்டன. நூறு குண்டுக்கு ஒரு முறை ஆறவிட்டார்கள். ஆயிரத்துக்கு ஒரு முறை துடைத்து எண்ணெயிட்டார்கள். புழுதியும் துருவும் ஏற்றியும் பார்த்தார்கள். சாவேஜ் 37 முறை தடைபட்டது. கோல்ட் ஒரு முறையும் நிற்கவில்லை. மார்ச்சு 29-ஆம் நாள் அது ஏற்கப்பட்டு, 1985 வரை அந்நாட்டுப் படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று. அதே கோல்ட்டின் முந்தைய வடிவங்கள் முன் நடந்த சோதனைகளில் குறைபட்டுத் திரும்பியவை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஒவ்வொரு தடையையும் எண்ணி, எழுதி, காரணம் கண்டு களைந்ததனால் வந்த வெற்றி அது.

இக்கருவிகள் நம் நாட்டுச் சரித்திரத்திலும் தடம் பதித்துள்ளன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரின் உயிரைக் குடித்து முதல் உலகப் போருக்கு வித்திட்டதும் பிரௌனிங்கின் 1910 மாதிரியே. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டு 26-ஆம் நாள், கல்கத்தாவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ரோடா கம்பெனியின் குமாஸ்தா, சுங்கச் சாவடியிலிருந்து 202 பெட்டிகளை விடுவித்தார்; ஆனால் 192 பெட்டிகளே வான்சிட்டார்ட் ரோவிலிருந்த கிடங்கை அடைந்தன. எஞ்சியவற்றைக் கொண்டுவரச் சென்றவர் திரும்பவேயில்லை. காணாமற்போன பத்துப் பெட்டிகளில் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. மறு ஆண்டு செப்டம்பரில் பாலேசுவரத்திற்கு அருகே ஜதீந்திரநாத் முகர்ஜியும் தோழர் நால்வரும் காவற்படையை எதிர்த்துப் போரிட்டது மௌசர் கைத்துப்பாக்கிகளைக் கொண்டே. 1918-இல் வெளியான ரௌலட் குழுவின் அறிக்கை, ரோடா துப்பாக்கிகள் 54 வழக்குகளில் பயன்பட்டன என்றும், 31 திரும்பக் கைப்பற்றப்பட்டன என்றும் கூறுகிறது.

இந்நிகழ்ச்சியில் நம் பொருளுக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. அப்பெட்டிகளில் துப்பாக்கி ஒன்றுக்கு 920 தோட்டாக்கள் வீதம் இருந்தன. மௌசருக்குரிய தோட்டா பிரௌனிங்கிற்குப் பொருந்தாது. உரிய தோட்டா இல்லையேல் எத்துணைச் சிறந்த கைத்துப்பாக்கியும் வெறும் இரும்புத் துண்டே. தோட்டாவும் நடையின் ஓர் உறுப்பு என்று கொள்ளல் வேண்டும். தோட்டாவில் மருந்தின் வலு குறைந்தால் ஸ்லைடு பாதி வழியே திரும்பிவிடும்.

இனி, தடைகளை இனங்காணும் முறையைக் கூறுவோம். பொறி நின்ற நிலையே காரணத்தைச் சொல்லும். வெற்றுக்கூடு வெளியே விழாமல் புகைபோக்கிபோல் நிமிர்ந்து மாட்டிக்கொண்டால், ஸ்லைடு முழுத் தொலைவு ஓடவில்லை என்றோ, கொக்கி தளர்ந்தது என்றோ கொள்க. வலுக்குறைந்த தோட்டா, உலர்ந்த அழுக்கு, தளர்ந்த பிடி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பிடி தளர்வதாவது யாதெனில், கை உறுதியாக நில்லாவிடில் துப்பாக்கி முழுவதுமே ஸ்லைடுடன் பின்னே நகர்ந்துவிடும். பற்றிப் பிடிக்காத பலகையில் ஆணி இறங்காததைப் போல. வெற்றுக்கூடு அறையிலேயே தங்கிவிட்டால் கொக்கியையும் அறையின் அழுக்கையும் பார்க்கவேண்டும். ஸ்லைடு முழுதும் மூடாமல் நின்றால், அறை அழுக்கேறியது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்தது என்று அறியலாம்.

புதிய தோட்டா மூக்கு கவிழ்ந்து நின்றால் பெரும்பாலும் மாகசினே குற்றவாளி. இதனை உறுதிசெய்ய எளிய வழி ஒன்றுண்டு. மாகசின்களுக்கு ஒன்று, இரண்டு என எண்ணிட்டு வைத்துக்கொண்டால், தடை எந்த எண்ணைத் தொடர்கிறது என்பது புலப்படும். வாய் விளிம்பு நெளிந்த மாகசினைக் குறடுகொண்டு வளைப்பதும், தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும் தகா. புதியது மாற்றுவதே முறை. மேற்கூறிய .32 தோட்டாவிற்கு அடியில் சிறு விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே சிக்கினால் மாகசின் முழுதும் இறுகிவிடும். ஆதலின் நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் அதன் கீழுள்ளதற்கு முன்னே அமைகிறதா என்று நோக்குதல் வேண்டும்.

பேணுவதிலும் சரித்திரம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. முற்காலத் தோட்டாக்களின் எரிமருந்து, குழலில் ஒருவகை உப்பைப் படியவிட்டது. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து ஓரிரு நாளில் துருவேற்றிற்று. எண்ணெய் அதனைக் கரைப்பதில்லை. எனவே படைவீரர் முதலில் வெந்நீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெயிட்டனர். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் அக்கேடற்றவை. ஆயினும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலம் எவ்வாறிருக்கும் என்பதை அங்கு வாழும் நம்மவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஆகவே துப்பாக்கியை அதனுள்ளேயே நாள்கணக்கில் பூட்டி வைத்தலாகாது. எண்ணெயும் மிகுதல் கூடாது. மிகுந்த எண்ணெய் தூசியைப் பிடித்துக் குழம்பாகும். தோட்டாவின் அடியிலே கசிந்து அதன் எரிமருந்தையும் கெடுக்கும். ஸ்லைடு உராயும் இடங்களில் ஒரு துளி போதும்.

யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று. மாகசினைக் கழற்றியதனால் துப்பாக்கி வெறுமையாயிற்று என்று எண்ணுவது தவறு. அறையில் ஒரு தோட்டா இருக்கக்கூடும். துடைக்கும்போது நேரும் விபத்துக்களுக்கு இதுவே பெருங்காரணம். பிரௌனிங்கின் 1910 மாதிரியில், மாகசின் இல்லாதபோது வெடிக்காத தடுப்பு ஒன்று அமைக்கப்பட்டது இதனாலேயே. அத்தகைய தடுப்பு எல்லாத் துப்பாக்கியிலும் இல்லை. ஆதலின் முதலில் குழலை ஆளில்லாத திசையில் நிறுத்தி, மாகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடை இழுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பின்னரே மற்றவை செய்யவேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சில நொடி தாமதித்து வெடிப்பதுமுண்டு. குழலைத் திருப்பாமல் அரை நிமிடம் பொறுத்தல் நன்று. உட்பகுதியை அரம்கொண்டு தேய்க்கும் வேலை உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளருக்கே உரியது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வைத்திருப்பதற்கும் பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும் என்கிறது. வேற்று மாநிலத்திற்குக் குடிபெயர்வோர், தம் உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பிரௌனிங் 1926 நவம்பர் 26-இல், எர்ஸ்தால் தொழிற்சாலையில் வேலைக்கிடையே உயிர் நீத்தார். அவர் கைவண்ணத்தில் பிறந்த பொறிகள் நல்லாரிடத்தும் தீயாரிடத்தும் ஒன்றுபோலவே இயங்கின. பொறிக்கு அறம் தெரியாது. அறிய வேண்டியவர் அதனை வைத்திருப்பவரே. 'தானியங்கி' என்ற பெயர் நம்மை மயக்குகிறது. ஒரு தோட்டாவை நிரப்புவதற்கு முன் விளிம்பைப் பார்த்த கண்ணும், மழைக்காலத்தில் ஈரம் துடைத்த கையும் இன்றி அது தானே இயங்குவதில்லை. காவலர் ஒருவர் பணி முடிந்து வீடு திரும்புவதற்கு, முந்திய நாள் இரவு அவர் செலவிட்ட அந்தக் கால் மணி நேரமும் காரணமாக இருக்கலாம்.