டி. எஸ். இராமநாதன்

பினாங்கு ஜார்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயர் (1957–1961). தொழிலால் ஆசிரியர், மலாயா தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர்.

போருக்குப் பிந்தைய மலாயாவில் நகராண்மைத் தேர்தல் முதன்முதலாக நடந்த ஊர் ஜார்ஜ்டவுன், ஆண்டு 1951. அதுவரை நகரை ஆண்டவர்கள் பெரும்பாலும் நியமனம் பெற்ற வெள்ளைக்கார அதிகாரிகள். 1957 ஜனவரி 1 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதம் முன்னதாக, இரண்டாம் எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் அது மாநகரானது. சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊரில் முதல் மேயராக ஒரு தமிழர் வந்தார் என்பதை இன்றைய இன அரசியல் பழகியவர்கள் சற்று நின்றுதான் படிக்க வேண்டும். அன்று அவரை உயர்த்தியது கட்சிக் கொள்கை, இனக்கணக்கு அல்ல.

அவர் பொறுப்பேற்ற மாநகர் மன்றம் பெயரளவு மன்றம் அன்று. மின்சாரம், தண்ணீர், பேருந்து எல்லாம் அதன் கையில் இருந்தன.

பினாங்குக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று முன்னின்று குரல் கொடுத்தவர்களில் இராமநாதனும் ஒருவர். 1962இல் மாநிலச் சட்டமன்றம் அதற்குத் தீர்மானம் நிறைவேற்றியது. பார்த்த நிலம் இன்றைய பாயான் பாருவை அடுத்த சுங்கை ஆராவில். 1967இல் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே அடிக்கல்லும் நாட்டினார். 1969இல் பல்கலைக்கழகம் பிறந்தது. பின்னர் மிண்டனில் நிலைகொண்டது. இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அதுவே.

1961இல் ஓய் தியாம் சியூ அடுத்த மேயரானார். முன்பு ஸ்காட் ரோடு எனப்பட்ட சாலை இப்போது இராமநாதன் பெயரைத் தாங்குகிறது.

அவரை உருவாக்கிய தேர்தல் முறை நீடிக்கவில்லை. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒழித்தது. மீட்க பினாங்கு 2012இல் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அம்முயற்சி தோற்றது. பல்கலைக்கழகத்துக்கு முதலில் பார்த்த நிலத்தை அடுத்து 1970களில் எழுந்த பாயான் பாருவும் இன்று பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் கீழ் இருக்கிறது. அங்குள்ளவர்கள் மதிப்பீட்டு வரி கட்டுகிறார்கள். ஆனால் மேயரையும் மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது.