சந்தன எண்ணெய்

சந்தன மரத்தின் வைரக்கட்டையையும் வேரையும் நீராவியில் வடித்து எடுக்கும் நறுமண எண்ணெய். மரத்தின் தாவரவியல் பெயர் சாண்டலம் ஆல்பம். திருப்பூர் மாவட்டத்தை ஒட்டி இம்மரம் இயற்கையாகச் செழித்திருக்கும் காடு, உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில் உள்ள மறையூர். ஆட்சி எல்லைப்படி அது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தால் கொங்கு நாட்டுப் பக்கம். அங்கிருந்து கிழக்கே இறங்கும் பாம்பாறு அமராவதியில் கலந்து, உடுமலை, தாராபுரம் வயல்களுக்கு வருகிறது. மழை குறைந்த மலைச்சரிவு என்பதே சந்தனத்துக்கு அங்கு வாய்த்த வசதி.

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரையும் சத்தையும் உறிஞ்சும். அதனால்தான் நடுபவர்கள் கூடவே துவரையோ சவுக்கோ வைக்கிறார்கள். வைரம் பாயப் பல ஆண்டுகள் பிடிக்கும். வேரில் எண்ணெய் மிகுதி என்பதால் மரத்தை அடியோடு பெயர்த்தே எடுப்பார்கள். வெளிப்புற வெள்ளைக்கட்டையில் மணமில்லை. எளிதில் ஆவியாகாத எண்ணெய் என்பதால் வடித்து முடிக்க இரண்டு மூன்று நாள்கள்கூட ஆகும். எண்ணெயின் பெரும்பகுதி சாண்டலால். சர்வதேசத் தரப்படி ஆல்பா வகை 41–55 சதவீதம், பீட்டா வகை 16–24 சதவீதம் இருக்க வேண்டும்.

தமிழர் வீடுகளில் புழங்கியது எண்ணெயைவிட அரைத்த சந்தனமே: கல்யாண வாசலில் கிண்ணச் சந்தனம், கோயிலில் சந்தனக் காப்பு, நாகூரில் சந்தனக்கூடு. எண்ணெய்க்குப் பெரிய சந்தை வாசனைத் தொழிலில் உருவானது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் ரோஜாவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்தார்கள். தானும் மணந்து, பிற மணங்களையும் சீக்கிரம் பறந்துபோகாமல் பிடித்துவைப்பதுதான் இதன் உண்மையான அருமை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதையே குழாய் மாத்திரையில் அடைத்து மேகவெட்டைக்குக் கொடுத்தார்கள். நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்ததும் அந்த வைத்தியம் மறைந்தது. இன்று மன அமைதி, தோல் பொலிவு என்று சொல்லப்படும் பலன்களுக்கு ஆதாரம் சிறு ஆய்வுகள் அளவில்தான் உள்ளது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும்; வேறு எண்ணெயில் கலந்தே பூச வேண்டும்.

1792-இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கு மட்டுமே உரிய மரமாக அறிவித்தார். பின்வந்த ஆட்சிகளும் அந்த ஏகபோகத்தை விடவில்லை. கட்டையாகவே ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு முதல் உலகப் போரில் தேங்கியது. விசுவேசுவரய்யா திவானாக இருந்த மைசூர் அரசு 1916-இல் பெங்களூரில் எண்ணெய் ஆலை தொடங்கியது. மைசூரின் புகழ்பெற்ற சந்தன சோப்பு அதன் வழியே பிறந்தது.

ஏகபோகத்தின் விலையைக் கொடுத்தவர்கள் மலையடிவாரத்து மக்கள். சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்கு. திருடு போனால் விசாரணை உழவனுக்கு. கன்று கண்ணில் பட்டதும் பிடுங்கி எறிந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. காவல் இறுகியும் கடத்தல் நிற்கவில்லை. சத்தியமங்கலம் காடுகளில் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் காலம் 2004 வரை நீண்டது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் கட்டையைத் தேடுவதாகச் சொல்லித் தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் நுழைந்த வன, காவல், வருவாய்த் துறையினர் 18 பழங்குடிப் பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். 2011-இல், அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த அனைவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் மர உரிமை நில உடைமையாளருக்கு வந்தது 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகே.

1899-இல் குடகில் முதலில் பதிவான, சந்தன மரத்தைத் தாக்கும் ஸ்பைக் நோய் மறையூரையும் விடவில்லை. 2005-இல் அங்கே சந்தனத்துக்கெனத் தனி வனக் கோட்டம் அமைந்தது. கிடங்கில் தரம் பிரித்த கட்டைகள் இணைய ஏலத்தில் விற்பனையாகின்றன. கர்நாடக அரசின் சோப்பு நிறுவனமும் வந்து வாங்குகிறது.

வாசனைத் தொழிலோடு ஒப்பிட்டால் துணித் துறையில் சந்தன எண்ணெயின் பங்கு சிறியது. நறுமணத்தை நுண்ணுறைகளில் அடைத்து, துணிக்கு இறுதிப் பதம் தரும்போது ஏற்றுகிறார்கள். உடுத்தி உரசும்போது உறை உடைந்து மணம் கசியும். வெப்பத்தில் காயவைக்கும்போது கொஞ்சம் போகும், ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் போகும். இவ்வளவு விலையுள்ள எண்ணெயை அப்படி இழக்க எந்த ஆலையும் யோசிக்கும். ஆகவே ஆடை அட்டையில் சந்தன மணம் என்று அச்சிட்டிருந்தால், அது ஆய்வகத்தில் செய்த மணப்பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.