கோப்பிலிருந்து சர்வருக்கு: மைஎஸ்கியூஎல் அமைப்புகளைக் காட்டும் கருவியின் வரலாறு

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் வரும் சிறு நிரல்களுள் அதிகம் பேசப்படாதது மை_பிரிண்ட்_டிஃபால்ட்ஸ். அமைப்புக் கோப்புகளில் உள்ளவற்றைக் கட்டளை வரியில் அச்சிடுவது மட்டுமே அதன் வேலை. இன்றைய நிர்வாகிகள் இதைச் சரிபார்ப்புக் கருவியாகக் கொள்கின்றனர். ஆனால் இதன் வடிவத்தைக் கூர்ந்து நோக்கினால், ஷெல் ஸ்கிரிப்டுகளின் தேவைக்காகவே இது ஆக்கப்பட்டது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. இதன் வலிமைக்கும் குறைக்கும் அதுவே காரணம்.

1995-இல் சுவீடனில் மைக்கேல் விடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் மூவரும் மைஎஸ்கியூஎல் நிறுவனத்தைத் தொடங்கினர். 3.22 பதிப்பிலிருந்து சர்வரும் பிற நிரல்களும் தம் அமைப்புகளைக் கோப்புகளிலிருந்து படிக்கத் தொடங்கின. யூனிக்ஸில் அக்கோப்பு ஒன்றல்ல: கணினி முழுவதற்கும் பொதுவானது ஒன்று, பயனரின் சொந்த அடைவில் இன்னொன்று எனப் பல இடங்களில் தேடப்படும். ஒரே அமைப்பு இரண்டு இடங்களில் இருந்தால் பின்னர்ப் படிக்கப்பட்டதே செல்லும். சர்வரைக் கிளப்பும் ஸ்கிரிப்டுக்கும் (அன்று சேஃப்_மைஎஸ்கியூஎல்டி, 4.0 முதல் மைஎஸ்கியூஎல்டி_சேஃப்) இதே விதி தெரிந்திருக்க வேண்டும். சி மொழி நூலகத்தில் இருந்த அந்தத் தேடலை ஷெல்லில் மறுபடி எழுதுவதைவிட, கோப்பில் அமைப்புகள் தொகுக்கப்பட்டிருக்கும் குழுவின் பெயரைக் கொடுத்தால் விடையை வரிவரியாகத் தரும் தனி நிரலை அழைப்பதே எளிது. அதனால்தான் விடை “--போர்ட்=3306” என்று, கட்டளை வரியில் தட்டச்சு செய்யும் அதே வடிவில் வருகிறது.

மனிதக் கண்ணுக்கு இந்த வடிவம் போதாது. எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கருவி சொல்வதில்லை. ஒரே அமைப்பு இருமுறை வந்தால் இரண்டையும் அச்சிடும். எது செல்லும் என்பதைப் படிப்பவரே அறிய வேண்டும். அதிலும் ஒரு விலக்கு உண்டு: சர்வர் எந்தப் பயனரின் பெயரில் இயங்க வேண்டும் என்ற அமைப்புக்கு மட்டும், பாதுகாப்புக் கருதி, முதலில் வந்ததே செல்லும். 5.0 தொடரில் ஒரு கோப்பு மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தபின் மூலத்தைக் கண்டுபிடிப்பது மேலும் கடினமாயிற்று.

கோப்புகளில் எழுதப்படும் கடவுச்சொற்களின் விவகாரம் வேறு திசையில் சென்றது. 5.6-இல் நுழைவு விவரங்களை மறைகுறியாக்கி வைக்கும் தனிக்கோப்பு அறிமுகமாயிற்று. இக்கருவி அதையும் படிக்கும். பின்னர், கடவுச்சொற்களை நட்சத்திரக் குறிகளால் மறைப்பது இயல்பாக்கப்பட்டது. வெளிப்படையாகக் காண ‘ஷோ’ என்ற விருப்பத்தைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்டால் கிடைக்கிறது என்பதால், அந்த மறைகுறியாக்கம் தற்செயலாகக் கண்ணில் படுவதைத் தடுக்குமேயன்றி, முனைந்து வருபவரைத் தடுக்காது.

5.7-இலிருந்து, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸ் வெளியீடுகளில் மைஎஸ்கியூஎல்டி_சேஃப் பெரும்பாலும் தேவையற்றுப்போனது. 2018-இல் நிலைப்பதிப்பாக வந்த 8.0, அமைப்புகளை எஸ்கியூஎல் கட்டளையாலேயே நிலையாக மாற்றிக்கொள்ள இடம் தந்தது. அவை ஜேசன் வடிவில் தரவு அடைவில் சேமிக்கப்படுகின்றன. நம் கருவியின் பார்வைக்கு அவை வெளியே. அதே பதிப்பின் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் உள்ள ஓர் அட்டவணை, ஒவ்வொரு மாறியும் எங்கிருந்து மதிப்புப் பெற்றது என்பதைக் கோப்பின் பாதையுடன் சொல்கிறது. மற்றொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் தன் 9.5 பதிப்பிலேயே, கோப்பில் உள்ளதைக் கோப்பின் பெயர், வரி எண்ணுடன் சர்வருக்குள்ளிருந்தே காட்டும் வசதியைத் தந்துவிட்டது.

ஆயினும் சர்வர் எழ மறுக்கும் வேளையில் எந்த அட்டவணையையும் கேட்க முடியாது. அப்போது கையிலிருப்பது பழைய கட்டளைதான். சர்வர் இயங்கும்போது அட்டவணையையும் நின்றபோது இக்கருவியையும் பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பி அமைப்பை மாற்றாதீர்கள்.